நடை சாத்தியிருந்தபோது ஒரு திரை

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர். எங்கள் சர்வர்களுக்கெல்லாம் பொறுப்பாளரான வைதேகி மேடம். நிறுவனத்தின் முதலாளி கோபால் சார். வரவேற்பு மேசையையும் தொலைபேசியையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் மும்தாஜ் அக்கா. நாலாவது ஆள் நான். இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாத ஆள் தினேஷ். எங்கள் முன்பதிவு மென்பொருளை எழுதியவன் அவன்தான். மாலை போட்டு, இருமுடி கட்டி, சபரிமலை ஏறிக்கொண்டிருந்தான். அவனுடைய போன் அணைந்திருந்தது.

அனுபவக் கட்டுரை எழுத நரைத்த தலை வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் நான் பார்த்த அந்த முதல் சர்வர் வேலையிலிருந்து விடைபெற்று வந்துவிட்டேன். இப்போது சேர்ந்திருக்கும் இடத்தில் பாதுகாப்பு அப்டேட்டுகள் பெரும்பாலும் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. என்னுடன் வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் இருவர், "அண்ணே, உங்க காலத்துல ஒவ்வொண்ணையும் கையாலயா போட்டீங்க?" என்று கேட்டார்கள். 'உங்க காலத்துல' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேள்வி நியாயமானது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா துவாக்குடியில் ஓர் இரும்புப் பட்டறையில் சுமை ஏற்றுபவர். அம்மா மாணவர் விடுதி ஒன்றின் மெஸ்ஸில் சமையல். எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் முதலில் படித்தவன் நான்தான். அப்போது நான் ஆறாம் வகுப்பு. டிப்ளமோ முடித்தேன், மாலை நேரத்தில் கொஞ்சம் படித்தேன், கொஞ்ச நாள் ஒரு கடையில் கணினி பழுது பார்த்தேன், பிறகு அம்மா மண்டபம் சாலையில் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் உள்ள விடுதிகளில் யாத்ரீகர்களுக்கு அறை பதிந்து கொடுப்பது நிறுவனத்தின் தொழில். அந்தச் சர்வர்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பது எங்கள் வேலை.

சேர்ந்த முதல் வாரம், எல்லாச் சர்வர்களிலும் இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களைப் போட்டு முடித்துவிட்டு, முடிந்தது என்று பெருமையாகப் போய்ச் சொன்னேன். வைதேகி மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஆத்து மனுஷாளுக்குப் பண்ணியாச்சு, சரி. வந்தவாளுக்கு?"

எனக்குப் புரியவில்லை. புரியாததுகூடப் பரவாயில்லை, சுருக்கென்று ஒன்று தைத்தது. அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர் அவர். துவாக்குடியிலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வருகிறவன் நான். வந்தவன் என்று என்னைத்தான் சொல்கிறாரோ என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்த மும்தாஜ் அக்கா போன் காதிலிருந்தபடியே சிரித்தார். "பயப்படாதீங்க தம்பி. மேடம் கணக்குல நானும் வந்தவதான். அவங்க சொல்றது பேக்கேஜ."

மேடத்தின் வழக்கு அப்படி. யூனிக்ஸ் வழி வந்த எங்கள் இயங்குதளத்தில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களே எழுதித் தருவது ஒன்று. அது ஆத்து மனுஷாள். உலகத்தில் வேறு யார் யாரோ எழுதியதை நம் தேவைக்காக இறக்கி வைத்துக்கொள்வது மற்றொன்று: வலைத்தளத்தைப் பரிமாறும் மென்பொருள், தரவுத்தளம், படத்தைச் சுருக்கும் மென்பொருள். பேக்கேஜ் என்று நாங்கள் சொல்லும் இவர்கள்தான் வந்தவா. முதல் வகையைத் திருத்தும் கட்டளை வேறு, இரண்டாம் வகையைத் திருத்தும் கட்டளை வேறு. ஒன்றைப் போட்டால் மற்றதைப் போட்டதாகாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். என்னிடம் நம்பிக்கையோடு வீட்டுச்சாவியைக் கொடுத்தார்கள், நான் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்தே விட்டிருந்தேன்.

வந்தவர்களை வேண்டாதவர்களாக மேடம் பேசியதே இல்லை. "வந்தவாளைத்தான் நன்னாக் கவனிக்கணும். ஆத்து மனுஷா கேட்டு வாங்கிப்பா. வந்தவா கேக்க மாட்டா" என்பார். ஒவ்வொரு பேக்கேஜைப் பற்றியும் மூன்று கேள்வி கேட்பார். யார் கூட்டிண்டு வந்தா? எதுக்கு வந்தது? இன்னும் அதுக்கு இங்க வேலை இருக்கா? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவதுக்கு யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை. நாங்கள் சொல்லாததை அவர் துருவியதுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை இதுதான். தினமும் விடிவதற்குள் ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் உள்ள பேக்கேஜ்களை, உலகம் முழுக்கத் தெரியவந்த பலவீனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடும். அலுவலகத்தில் காப்பிக்கு முன்னால் அதைத்தான் படிப்போம். ஏதாவது பெயர் வந்திருந்தால் அந்த அறிவிப்பை முழுக்கப் படிக்க வேண்டும். பலவீனம் இருக்கும் பகுதியை நாம் பயன்படுத்துகிறோமா என்று பார்க்க வேண்டும். பிறகு மூலையில் கிடக்கும் சோதனைச் சர்வரில் அப்டேட் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகுதான் நிஜச் சர்வர். அதற்கும் முன்னால், எது கெட்டாலும் திரும்பி வருவதற்கு, இயங்குதளத்தின் அந்த நேரத்து நிலையை அப்படியே ஒரு நகலாக நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்டேட்டுக்குச் சம்மதமா என்று கணினி கேட்கும்போது சட்டென்று விசையைத் தட்டக்கூடாது. அது என்னென்ன செய்யப் போகிறது என்பதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். எனக்கு முதலில் இது பள்ளிக்கூடத்து மனப்பாடம்போல் கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை அப்டேட் போட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருந்த சேவையை மறுபடி தொடங்காமல் விட்டுவிட்டோம். வட்டில் புதுசு இருந்தது, நினைவகத்தில் பழசே ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கோபப்படவில்லை. "குளிச்சுட்டு அதே அழுக்குத் துணியைக் கட்டிண்டாப்ல இருக்கு" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட்டை யாரும் மறந்ததில்லை.

இனி அந்த வழக்கத்துக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்தில் மட்டும்தான் ஒரு கணினி அலுவலகத்தில் இப்படி ஒரு வழக்கம் இருக்க முடியும். மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பத்து நாள் விழாவான பகல்பத்து தொடங்குவதற்கு முந்தின நாள் மேடம் எல்லாப் பேக்கேஜ்களுக்கும் பூட்டுப் போட்டுவிடுவார். பூட்டு என்றால் கணினிப் பூட்டு. அப்டேட் கட்டளை வந்தாலும் எதுவும் அசையாது. சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் 'நடை சாத்தியாச்சு' என்று எழுதுவார். ஏகாதசியிலிருந்து பத்து நாள் நடக்கும் இராப்பத்து முடிந்த பிறகுதான் திறப்பு. பரமபத வாசல் திறப்புக்காக ஊரே நிரம்பி வழியும் நாட்களில் சர்வரில் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால், குழந்தை குட்டியோடு வந்தவர்கள் தெருவில் நிற்பார்கள். அதனால் அந்த விதி. நல்ல விதிதான்.

அந்த வருஷம் அம்மாவும் வந்தார். மெஸ்ஸில் கூட வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேரும் சேர்ந்து, பரமபத வாசல் பார்க்க வேண்டும், முன்னிரவே வந்து தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நான்தான் பதிந்து கொடுத்தேன். பதிவுக்கு ஆதார் அட்டையைப் படம் பிடித்து எங்கள் தளத்தில் ஏற்ற வேண்டும். அம்மா அட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இது எங்கப்பா போயி நிக்கும்?"

"எங்க ஆபீஸ் சர்வர்லதாம்மா."

"அப்பச் சரி. நீ இருக்கல்ல."

அம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். அந்த அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தவர்.

பகல்பத்தின் கடைசிப் பகுதி. காலை மின்னஞ்சலில் ஒரு புதுப் பெயர் வந்திருந்தது. படத்தைச் சுருக்கும் அந்தப் பேக்கேஜ். அறிவிப்பைப் படித்தேன். மறுபடி படித்தேன். விஷமமாகத் தயாரித்த ஒரு படத்தை ஏற்றினால் போதும், ஏற்றியவன் அந்தச் சர்வருக்குள் தன் கட்டளைகளை ஓட்டலாம். நாங்களோ உலகத்தில் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றும்படி வாசலைத் திறந்து வைத்திருந்தோம். உள்ளே ஆயிரக்கணக்கான யாத்ரீகர்களின் அட்டைகள். திருத்திய பதிப்பு வந்துவிட்டது. எங்களுடையது பூட்டில் இருந்தது.

மேடமும் நானும் முதலில் பார்த்தது, ஏற்கெனவே யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று. அண்மையில் ஏறிய படங்களையும் சர்வரின் பதிவுகளையும் சலித்தோம். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அடுத்து, சோதனைச் சர்வரில் புதிய பதிப்பைப் போட்டோம். பேக்கேஜ் ஒழுங்காக ஏறியது. ஆனால் தினேஷ் எழுதிய பகுதி பழைய பதிப்பையே நம்பி எழுதப்பட்டது. படம் ஏற்றினால் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. மற்றதெல்லாம் ஓடியது, படம் மட்டும் ஏறவுமில்லை, முன்பு ஏறியதை விடுதிக்காரர்களுக்குக் காட்டவுமில்லை. சரி செய்யத் தெரிந்தவன் மலையில் இருந்தான்.

அப்போதுதான் கோபால் சாரைக் கூப்பிட்டோம். அவர் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். ஒற்றை விடுதியில் ரூம் பையனாகத் தொடங்கி இவ்வளவு தூரம் வந்தவர். படம் இல்லாமல் போனால், வருகிறவர்கள் ஒவ்வொருவரும் விடுதி வாசலில் நின்று அட்டையைக் காட்டி, அதிலுள்ள விவரமெல்லாம் எழுத வேண்டும், அந்தக் கூட்டத்தை யார் தாங்குவது என்று கேட்டார். விடுதிக்காரர்கள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். திருவிழா முடியட்டும், தினேஷ் வரட்டும், அதுவரை எதுவும் ஆகாது என்றார். ஏற்றும் பொத்தானை மட்டும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்டார்.

"பொத்தானை மறைச்சா வாசல் மறைஞ்சுடுமா சார்? வரவன் பொத்தானைத் தேடிண்டா வருவான்?" என்றார் மேடம்.

நான் சொன்னேன். "சார், உள்ள எங்க அம்மா கார்டும் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "அம்மா எப்ப வராங்க?"

"நாளைக்கு சார்."

பிறகு அவர் பலகையைக் காட்டி, "நான் என்னங்க பண்றது, கதவ சாத்துனது மேடம்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மேடத்தின் முகம் மாறியது. அந்த விதி அவருடையது. எத்தனையோ பேர் கெஞ்சியும் அவர் மீறாத விதி. அதை அவரே உடைத்தால் அடுத்த வருஷம் ஆளாளுக்கு ஒரு அவசரம் சொல்லுவார்கள். உடைக்காவிட்டால் இது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கோயில் விஷயம் அதிகம் அறிந்தவன் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு மதிய இடைவேளையில் அடிக்கடி உள்ளே போய் வந்திருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது பார்த்தது நினைவுக்கு வந்தது.

"மேடம், அங்க உள்ள அலங்காரம் மாத்தறப்ப திரை போடுவாங்கல்ல. ஜனம் வெளிய நிக்கும். யாரும் கோச்சுக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் அசையும். அசைந்தது.

"நடை சாத்தறதே உள்ள காரியம் நடக்கத்தானே. இத்தனை வருஷமா நான் அதை மறந்துட்டு, வெளியில நிக்கறவா மாதிரி பலகையில எழுதியிருக்கேன்" என்றார். பிறகு, "திரைன்னா திரை. ஆனா எவ்வளவு நேரம்னு ஜனங்களுக்குச் சொல்லிடணும்."

மும்தாஜ் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "போன்ல நான் சொல்லிக்கிறேன் மேடம். திட்டுறவங்க என்னத் திட்டட்டும். ஆனா சார், லாட்ஜ் வாசல்ல வயசானவங்கள வெயில்ல நிக்க வெக்காதீங்க. நிழல் போடுங்க."

"பந்தலா?" என்றார் கோபால் சார்.

"பந்தலேதான். நாலு நாற்காலி. குடிக்க எதாச்சும்."

கோபால் சார் எழுந்தார். "சரி, போடுங்க உங்க திரைய. இங்க உள்ள லாட்ஜுக்கெல்லாம் பொதுவா நான் ஒரு பந்தல போடுறேன்."

தளத்தில் ஓர் அறிவிப்பு வைத்தோம். வாசகம் மேடம் எழுதியது: 'உங்கள் பாதுகாப்புக்காகச் சற்று நேரம் திரை. பதிந்தவர்களின் அறைகள் பத்திரமாக உள்ளன.' நகல் எடுத்தோம். அந்தப் பேக்கேஜுக்கும் அதோடு பிணைந்தவற்றுக்கும் மட்டும் பூட்டைத் திறந்தோம். அப்டேட் கட்டளையைக் கொடுத்தேன். கணினி தான் செய்யப் போவதைப் பட்டியலிட்டு, சம்மதமா என்று கேட்டது.

"வாய்விட்டுப் படிங்கோ" என்றார் மேடம்.

படித்தேன். புதுப்பிக்கப்படுவது: படம் சுருக்கும் பேக்கேஜ், அதோடு சேர்ந்த சில்லறைகள். அதற்குக் கீழே இன்னொரு தலைப்பு. நீக்கப்படுவது. அதில் ஒரே ஒரு பெயர். பணம் வாங்கும் இணைப்பு.

என் குரல் அந்த வரியில் நின்றுவிட்டது. சம்மதம் என்று தட்டியிருந்தால், திருவிழா நேரத்தில் பணம் கட்டும் வழியையே கணினி கழற்றி எறிந்திருக்கும். சோதனைச் சர்வரில் இது தெரியவில்லை. ஏனென்றால் அங்கே அந்த இணைப்பே கிடையாது. சோதனைக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று நாங்கள் அதை வைக்கவில்லை.

மேடம் பதறவில்லை. "யார் கூட்டிண்டு வந்தா அதை?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மற்ற பேக்கேஜ்கள் எல்லாம் வருவது ஒரு பொதுக் களஞ்சியத்திலிருந்து. இந்த இணைப்பு வருவது அந்தப் பணப் பரிமாற்ற நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து. பொதுக் களஞ்சியத்தின் பட்டியலைக் காலையில் புதுப்பித்தோம், இதை விட்டுவிட்டோம். புதியதோடு ஒத்துப்போகும் பதிப்பு அங்கே இருப்பது எங்கள் கணினிக்குத் தெரியாது. தெரியாததால், அந்தச் சில்லறைகளின் பழைய பதிப்பை நம்பியிருந்த இதை ஒத்துவராத ஆள் என்று கழற்றப் பார்த்தது. சம்மதமில்லை என்று பதில் சொன்னோம். அந்தப் பட்டியலையும் புதுப்பித்தோம், மறுபடி கேட்டோம். மறுபடி வாய்விட்டுப் படித்தேன். பணம் வாங்கும் இணைப்பு இப்போது புதுப்பிக்கப்படுபவற்றில் இருந்தது. நீக்கப்படுவது என்ற தலைப்பே இல்லை.

சம்மதம் என்றேன். படம் பெற்றுக்கொள்ளும் வழியைச் சர்வரிலேயே அடைத்தோம். சேவைகளை மறுபடி தொடங்கினோம். மும்தாஜ் அக்கா தன் மகன் பெயரில் ஓர் அறை பதிந்து பார்த்தார். பணம் போயிற்று, ரசீது வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். இப்ப என் ரூபாயத் திருப்பிக் குடுங்க" என்றார். பலவீனப் பட்டியலோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்தப் பெயர் இல்லை. திறந்த பூட்டுகளை மறுபடி போட்டுவிட்டுத்தான் மேடம் திரையை எடுத்தார்.

மறுநாள் பந்தலுக்கு நானும் போனேன். கூட்டம் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. ஒரு பெரியவர், காலம் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று என்னிடமே கேட்டார். அம்மா தன் தோழிகளோடு வரிசையில் வந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அட்டையை மேசையில் நீட்டினார். எழுதிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதுதாம்பா நல்லாருக்கு. கையில குடுத்தேன், கையில வாங்கிட்டேன்."

நான் அதை மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

தினேஷ் நெற்றியில் விபூதியோடு மலையிலிருந்து திரும்பினான். விஷயத்தைக் கேட்டுப் பதறி, அரை நாள் கொடுங்கள், படம் ஏற்றும் பகுதியைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருகிறேன் என்றான். எல்லோரும் சரியென்று இருந்தபோது மேடம் தன் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். இம்முறை பதிலுக்குக் காத்திருந்தார்.

"இன்னும் அதுக்கு இங்க வேலை இருக்கா?"

யோசித்துப் பார்த்தோம். தங்க வருகிறவர்களின் விவரம் எழுதிக்கொள்வது விடுதியின் கடமை. விடுதிக்காரர்கள் அட்டையை நேரிலும் ஒரு பார்வை பார்த்துத்தான் சாவி கொடுக்கிறார்கள். நாங்கள் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொண்டது, தொடங்கிய காலத்தில் யாரோ கேட்டார்கள் என்பதற்காக. கேட்டவர் யார் என்றுகூட இப்போது யாருக்கும் தெரியவில்லை. கோபால் சார் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இத்தன நாளா அடுத்தவன் நகைய நம்ம பெட்டியில வச்சுக்கிட்டு நாமளே காவல் காத்திருக்கோம்" என்றார். அந்த வாரமே சேமித்த படங்களை எல்லாம் அழித்தோம். இராப்பத்து முடிந்து நடை திறந்ததும், படம் சுருக்கும் பேக்கேஜை நீக்கும் கட்டளையை நான் கொடுத்தேன். வாய்விட்டுப் படித்தேன். நீக்கப்படுவது, ஒன்று.

பிற்பாடு சர்வர் பதிவுகளைப் பார்த்தபோது, எங்கிருந்தோ சிலர் விஷமப் படங்களோடு வந்து, அடைத்த அந்த வழியைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திரை எடுத்த பிறகு வந்தவர்கள். மேடம் அதைப் படித்துவிட்டு, "வந்தா, சேவிச்சா, போயிட்டா" என்றார்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். தானாகப் போடும் அப்டேட்டை நான் குறை சொல்லவில்லை. அது வந்தது நல்லதே. ஆனால் புதுசு போடுவதற்கு மட்டும்தான் அதற்குத் தெரியும். இது இன்னும் இங்கே எதற்கு என்று கேட்க அதற்குத் தெரியாது. அதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கு வயசு தேவையில்லை.

அந்தக் கணக்கு வருஷக் கடைசியில் கோபால் சார், "உங்க திரைக்கு மொத்தம் என்ன ஆச்சு?" என்று மும்தாஜ் அக்காவிடம் கணக்குக் கேட்டார். அப்டேட்டுக்குச் செலவு எதுவும் இல்லை. பந்தல், வாடகை நாற்காலிகள், தண்ணீர் கேன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் சுக்குக் காப்பி. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.